கானாவில் ஒரு வாரம்: கிழமை பார்த்துப் புறப்படுங்கள்

கானாவுக்கு டிக்கெட் போடும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. நீங்கள் பிறந்த கிழமை எது என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் நட்சத்திரத்தை உடனே சொல்லிவிடுவார்கள், கிழமை என்றால் ஜாதகக் கட்டைத் தேடுவார்கள். தேடட்டும். கானாவின் மிகப் பெரிய இனக்குழுவான அக்கான் மக்களிடம் அறிமுகமாகும்போது, உங்கள் பெயரைச் சொன்ன கையோடு வரும் அடுத்த கேள்வி பெரும்பாலும் அதுதான். பதில் சொன்னால் உங்களுக்கு இன்னொரு பெயர் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஆண் குவாசி, பெண் அகோசுவா. திங்கள் என்றால் கோஜோ, அஜோவா. செவ்வாய்க்கு குவாபெனா, அபெனா. புதனுக்கு குவாக்கு, அகுவா. வியாழனுக்கு யாவ், யா. வெள்ளிக்கு கோஃபி, அஃபுவா. சனிக்கு குவாமே, அமா. கானாவின் முதல் தலைவர் குவாமே என்க்ரூமா சனிக்கிழமைக்காரர். 1938இல் குமாசியில் பிறந்து ஐ.நா. பொதுச்செயலாளரான கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைக்காரர். கடற்கரையோர ஃபான்டி மக்களிடம் சில பெயர்கள் கொஞ்சம் மாறும், குவாக்கு அங்கே குவேக்கு ஆகிவிடுவார். இதெல்லாம் செல்லப்பெயர் இல்லை, ஆன்மாவின் பெயர் என்றே கருதுகிறார்கள். கிழமைக்கு ஒரு குணமும் உண்டு: திங்கள்காரர் அமைதியானவர், புதன்காரர் வம்புக்காரர். கதைகளில் ஊரை ஏமாற்றும் சிலந்தி அனான்சேயின் முழுப்பெயர் குவாக்கு அனான்சே என்பது தற்செயல் இல்லை.

நான் பரிந்துரைக்கும் வாரத்தை இந்தக் கிழமைகளை வைத்தே அமைத்திருக்கிறேன். கோட்டை, காடு, சந்தை என்று இடங்களை அடுக்கி ஓடினால் படங்கள் நிறைய கிடைக்கும், ஊர் பிடிபடாது. கடலுக்கு ஓய்வு நாள், மண்ணுக்கு ஓய்வு நாள், இறந்தவர்களுக்கு ஒரு நாள், மன்னருக்கு ஒரு நாள் என்று அங்கே கிழமைகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு சேர்ந்து நடந்தால் போதும்.

எந்த வாரம் போவது

முதலில் அக்வாசிடே வரும் ஞாயிற்றைக் கண்டுபிடியுங்கள். அக்கான் நாட்காட்டியில் நம்மைப் போல 7 நாள் வாரம் ஒன்று, அதனுடன் பின்னிக்கொண்டு ஓடும் 6 நாள் வாரம் இன்னொன்று. இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் வந்து சேர 42 நாள் ஆகும். அப்படிச் சேரும் ஞாயிறுதான் அக்வாசிடே. முன்னோர்களுக்குப் படையல் நடக்கும், அக்கான் மக்களில் ஒரு பிரிவான அசாந்திகளின் மன்னர், அவர்கள் தலைநகரான குமாசியில் கொலுவீற்றிருப்பார். ஒரு அக்வாசிடே தேதி தெரிந்தால் போதும், அதனோடு 42ஐக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆண்டின் தேதிகளை அரண்மனைத் தரப்பே வெளியிடுகிறது. இருந்தாலும் டிக்கெட் போடும் முன் உங்கள் விடுதிக்காரரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அந்த ஞாயிறுக்கு முந்தைய திங்கள் போய் இறங்குங்கள், அடுத்த திங்கள் கிளம்புங்கள். எண்ணினால் எட்டு நாள் வருகிறதே என்று தோன்றலாம். அக்கான் மொழியில் வாரத்துக்கான சொல்லுக்கே ‘எட்டு நாள்’ என்றுதான் பொருள். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. டிசம்பர், ஜனவரியில் சஹாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று தூசியைக் கொண்டுவந்து கொட்டும், உதடு வெடிக்கும், வானம் மங்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரை தெற்கில் நல்ல மழை. இன்னொன்று: மே, ஜூன் வாக்கில் சுமார் ஒரு மாதம் தலைநகர் அக்ராவில் பறையடிக்கத் தடை. அக்ராவின் பூர்வகுடிகளான கா மக்கள் ஹொமோவோ அறுவடைத் திருவிழாவுக்கு முன் கடைப்பிடிக்கும் மௌன காலம் அது. மேளம் கேட்கப் போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஊசியும் தாளும்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. அதைவிட முக்கியம், அது இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க சட்டத்தில் இடமுண்டு. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். இந்த ஊசி எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

மலேரியா மாத்திரையும் மருத்துவர் சொல்படிதான். புறப்படும் முன் தொடங்கி, திரும்பி வந்த பிறகும் தொடர வேண்டியது அது. வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். கொசு அதற்குள் கடித்து முடித்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

விசாவுக்கு இந்தியாவில் இருப்பவர்கள் டெல்லியில் உள்ள கானா உயர் தூதரகத்தை அணுக வேண்டும். கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே இருப்பதால் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்கு மூன்று சதுரக் கால் கொண்ட பிரிட்டிஷ் பிளக், மாற்றி ஒன்று எடுத்துப் போங்கள். ராணுவ உடை போன்ற பச்சைப் புள்ளி சட்டை, பேன்ட், தொப்பி எதுவும் பெட்டியில் வேண்டாம். பொதுமக்கள் அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம்.

நாணயத்தின் பெயர் செடி, அக்கான் மொழியில் சோழி என்று பொருள். ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் காசாகப் புழங்கிய சோழிகளில் பெரும்பங்கு நம் பக்கத்து மாலத்தீவுக் கடலில் அள்ளியவை. இன்றைய சிக்கல் சில்லறைதான். பெரிய நோட்டை நீட்டினால் வண்டியிலும் தெருவோரக் கடையிலும் முகம் சுளிப்பார்கள். கிடைக்கும் இடத்தில் எல்லாம் சின்ன நோட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

கை, வணக்கம், தண்ணீர்

இதைப் படிக்காமல் மேலே போகாதீர்கள். மற்ற எதில் தவறினாலும் சமாளிக்கலாம்.

இடது கையால் எதையும் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள், அதைக் காட்டி வழி கேட்காதீர்கள், விடைபெறும்போது ஆட்டவும் செய்யாதீர்கள். இது நமக்கு ஓரளவு பழக்கம்தான் என்று நானும் நினைத்திருந்தேன். முதல் வாரத்தில், வலது கையில் பை இருந்ததால் கென்கி என்னும் மக்காச்சோள மாவு உருண்டை விற்கும் ஒரு கடைக்கார அம்மாவிடம் இடது கையால் காசை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. திட்டவும் இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். பையைக் கீழே வைத்துவிட்டு வலது கையால் நீட்டிய பிறகுதான் கடை மறுபடி ஓடத் தொடங்கியது. தவிர்க்கவே முடியாமல் இடது கையைப் பயன்படுத்த நேர்ந்தால் ‘செபி’ என்று சொல்லிக்கொள்ளலாம். ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்பதற்கு நெருக்கமான சொல்.

அடுத்தது வணக்கம். வழி கேட்கும் முன், விலை கேட்கும் முன், வண்டியில் ஏறும்போதுகூட வணக்கம் முதலில், காரியம் பிறகு. நேராகக் காரியத்துக்கு வந்தால் மரியாதை தெரியாதவர் என்று பெயர். காலையில் ‘மாச்சே’, பகலில் ‘மாஹா’, மாலையில் ‘மாஜோ’. நலமா என்று கேட்க ‘எத்தே சேன்?’, நலம் என்று சொல்ல ‘எயே’. நன்றிக்கு ‘மெடாசே’, தயவுசெய்து என்பதற்கு ‘மெபாச்சோ’. இது அக்கான் மொழியின் ஒரு வகையான ட்வி, அக்ராவிலும் குமாசியிலும் செல்லும். உச்சரிப்பு தப்பினால் சிரிப்பார்கள், சிரித்த பிறகு திருத்துவார்கள். ஆங்கிலம் ஆட்சிமொழி என்பதால் மொழி தெரியாமல் தவிக்க வேண்டியிருக்காது. ஆனால் ‘மாச்சே’ என்று தொடங்கினால் வரும் பதிலும் வெறும் ‘குட் மார்னிங்’கிற்கு வரும் பதிலும் ஒன்றல்ல.

பலர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் நுழைந்தால் உங்கள் வலப்பக்கக் கடைசியிலிருந்து தொடங்கி இடப்பக்கமாக ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டே போக வேண்டும். தெரிந்தவரிடம் முதலில் ஓடுவதும், பெரியவரைத் தேடிப் போவதும் தவறு. இளைஞர்கள் கைகொடுத்து விடுவிக்கும்போது நடுவிரலைக் கொக்கி போட்டு ஒரு சொடுக்கு எழுப்புவார்கள். இரண்டு நாளில் வந்துவிடும்.

ஒரு வீட்டுக்கு அழைத்தால் நடப்பது இது. உட்கார வைப்பார்கள். தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து முடித்த பிறகு, உங்களை அழைத்ததே அவர்களாக இருந்தாலும், ‘அமானே’ என்ன என்று கேட்பார்கள். வந்த சேதி என்ன என்று பொருள். அதற்கு எடுத்த எடுப்பில் விஷயத்தைக் கொட்டக் கூடாது. ‘நல்லதுதான், கெட்ட சேதி ஒன்றுமில்லை, உங்களைப் பார்த்துப் போக வந்தோம்’ என்று தொடங்க வேண்டும். நம் கிராமத்துத் திண்ணைகளில் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு ‘அப்புறம், என்ன சேதி’ என்று கேட்ட காலம் நினைவிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை நீங்கள் கடந்து போனால் ‘யூ ஆர் இன்வைட்டட்’ என்பார். முன்பின் தெரியாதவராகக்கூட இருக்கலாம். நம் ‘வாங்க, சாப்பிடலாம்’ போலத்தான். நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம், உட்கார்ந்துவிடவும் செய்யலாம். நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் ஒருவர் வந்தால் நீங்களும் அதையே சொல்ல வேண்டும்.

தெருவில் குழந்தைகள் ‘ஒப்ரோனி’ என்று கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக்காரர், வெள்ளைக்காரர் இரண்டுக்கும் அந்த ஒரே சொல். நம் நிறத்தைப் பார்த்தும் அப்படியா என்று முதலில் சிரிப்பு வரும். வசவு இல்லை, கையசைத்துவிட்டுப் போங்கள். வலது கை.

திங்களும் செவ்வாயும்: அக்ரா

திங்கள் விமானக் களைப்புக்கு. கானா நேரம் இந்தியாவைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் என்பதால் அதிகாலையிலேயே விழித்துக்கொள்வீர்கள். அது நல்லதுதான், வாச்சே கிடைக்கும். அரிசியும் காராமணியும் சோள இலையோடு சேர்த்து வேகவைத்து, பழுப்புச் சிவப்பாக வரும் சோறு. அதன்மேல் காரச் சாறு, முட்டை, கரி என்னும் மரவள்ளித் தூள், நம்ப மாட்டீர்கள், நூடுல்ஸ்கூட. வரிசை நீளமான கடையில் வாங்குங்கள், காலை கடந்தால் தீர்ந்துவிடும்.

செவ்வாய் ஜேம்ஸ்டவுன் மீனவர் பகுதி. ஏன் செவ்வாய் என்றால் அன்று கா மீனவர்களும் ஃபான்டி மீனவர்களும் கடலுக்குப் போக மாட்டார்கள். அது கடல் தெய்வத்தின் நாள். மற்ற நாட்களில் போனால் மீன் ஏலத்தின் கூச்சலில் நீங்கள் இடைஞ்சல். செவ்வாயன்று வண்ணம் தீட்டிய நீண்ட தோணிகள் கரையில் கிடக்க, வலை பின்னிக்கொண்டும் இஞ்சின் பார்த்துக்கொண்டும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், பேசுவார்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். வழிகாட்டி ஒருவரைக் கட்டணம் பேசி உடன் வைத்துக்கொண்டால் ஆளாளுக்கு வந்து ‘நான் காட்டுகிறேன்’ என்று தொற்றுவது குறையும். பக்கத்திலேயே புக்கோம், குத்துச்சண்டை வீரர்களை விளைவிக்கும் குடியிருப்பு. உலகச் சாம்பியன் அசுமா நெல்சன் அந்த வட்டாரத்தின் பெருமை.

மதியத்துக்கு மேல் என்க்ரூமா நினைவிடம். 1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவில் சுதந்திரத்தை அறிவித்த அதே மைதானத்தில் இருக்கிறது. அந்த மைதானம் ஆங்கிலேயர் போலோ ஆடிய இடம். அங்கே ஒரு மணி நேரம் போதும்.

ஊருக்குள் போக ட்ரோட்ரோ வேன்கள். ‘மேட்’ என்று அழைக்கப்படும் நடத்துனர் பக்கவாட்டுக் கதவில் தொங்கியபடி ஊர்ப்பெயரை மூச்சுவிடாமல் கூவுவார். ‘சர்க் சர்க் சர்க்’ என்றால் சர்க்கிள் சந்திப்பு, விரலை வட்டமாகச் சுழற்றினாலும் அதுவே. வேன் நிறைந்தால்தான் கிளம்பும். இரவில் தெரியாத இடத்துக்கு ட்ரோட்ரோ வேண்டாம், செயலி வழி டாக்சி பிடித்துவிடுங்கள்.

புதன்: மணிச் சந்தை

அக்ராவிலிருந்து வடகிழக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் குரோபோ நாடு. அங்கே அகோமான்யா சந்தை புதனும் சனியும் கூடும். உடைந்த பாட்டிலை மாவாக இடித்து, களிமண் அச்சில் நிரப்பி, சூளையில் வைத்து, கோத்து அணியும் பாசிமணி செய்கிறார்கள். மணியின் நடுவில் துளை எப்படி வருகிறது என்று பாருங்கள்: அச்சின் நடுவில் மரவள்ளி இலைக் காம்பு ஒன்றை நட்டுவைப்பார்கள், சூளையில் அது எரிந்து போய்விடும், துளை மிஞ்சும். ஒடுமாசே ஊரின் பட்டறைகளில் நீங்களே ஒரு மணி செய்து பார்க்கலாம்.

மணியைப் பற்றி ஒரு பழமொழி உண்டு: ‘அஹ்வெனே பா ங்காசா’. நல்ல மணி சத்தம் போடாது. நாம் நிறைகுடம் தளும்பாது என்கிறோமே, அது. இதே பெயரில் ஒரு அச்சுத் துணியும் கடைகளில் கிடைக்கும். கானாவில் பல துணி வடிவங்களுக்கு இப்படிப் பழமொழிதான் பெயர். அதனால் துணி வாங்கும்போது விலைக்கு முன்னால் பெயரைக் கேளுங்கள். உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வம்புப் பழமொழியைப் போர்த்திக்கொண்டு போனால் புரிகிறவர்களுக்குப் புரியும்.

வியாழன், வெள்ளி: கேப் கோஸ்ட்

வியாழன் பூமித்தாயின் நாள், அசாசே யா என்பது அவள் பெயர். பழைய வழக்கத்தில் இருக்கும் அசாந்தி விவசாயி அன்று மண்ணைக் கொத்த மாட்டார். ஃபான்டி நாட்டில் பூமித்தாய் வெள்ளிக்கிழமைக்காரி, பெயர் எஃபுவா. பேருந்தில் மேற்கே மூன்று மணி நேரம் போனால் கேப் கோஸ்ட்.

கோட்டைக்குப் போகும் நாளில் வேறெதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் மனிதர்களைக் கப்பல் வரும்வரை மாதக்கணக்கில் அடைத்துவைத்த நிலவறைகள் இவை. வெளிச்சத்துக்குச் சுவரின் உச்சியில் ஒரு துளை. ஆண்கள் கிடந்த நிலவறைக்கு மேலே தேவாலயம். கடைசியில் கடலைப் பார்த்த ஒரு கதவு, ‘திரும்பா வாசல்’ என்று அதற்குப் பெயர். கொஞ்ச தூரத்தில் எல்மினா கோட்டை, 1482இல் போர்ச்சுகீசியர் கட்டியது, 1637இல் டச்சுக்காரர் கைக்கு, 1872இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். மனசு மரத்துவிடும், இரண்டாவது வெறும் கட்டடமாகத்தான் தெரியும். கேப் கோஸ்ட்டை மட்டும் பாருங்கள், வழிகாட்டியோடு, முழுமையாக. உங்கள் குழுவில் அமெரிக்காவிலிருந்தோ கரீபியனிலிருந்தோ வந்த கறுப்பின மக்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இது சுற்றுலா இல்லை. நிலவறையில் அவர்கள் நிற்க நினைத்தால் விலகி வழிவிடுங்கள், கேமராவை உறைக்குள் போடுங்கள்.

அந்தக் கதவு வழியே போனவர்களிடம் எதுவும் விட்டுவைக்கப்படவில்லை, கிழமைப் பெயரைத் தவிர. ஜமைக்காவில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று 1739இல் அவர்களை ஒப்பந்தத்துக்கு வரவைத்த தலைவன் பெயர் கட்ஜோ. அது கோஜோதான், திங்கள்கிழமை. இன்றைய கயானாவின் பெர்பிஸில் 1763இல் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் கஃபி, அதாவது கோஃபி. பெயர் கேட்கும் பழக்கத்தை நான் ஏன் முதலில் வைத்தேன் என்பது இங்கேதான் தெரியும்.

வெள்ளி காலை 30 கிலோமீட்டர் வடக்கே காக்கும் காடு. மரங்களின் உச்சியில் கட்டிய ஏழு கயிற்றுப் பாலங்கள், மொத்தம் 350 மீட்டர். காலையிலேயே போனால் கூட்டமில்லை. யானையைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், யானைகள் இருக்கின்றன, உங்களுக்காக வரமாட்டா. அங்கிருந்து குமாசி போகும் வழியில் அசின் மான்சோவில் இறங்குங்கள். வடக்கிலிருந்து நடத்தியே கொண்டுவரப்பட்டவர்களை விற்கும் முன் கடைசியாகக் குளிக்கவைத்த ஆறு அங்கே ஓடுகிறது. ஆழமில்லாத, மூங்கில் நிழல் விழும் ஆறு. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கச் சொல்வார்கள். இரவுக்குள் குமாசி.

சனி: தறி, முத்திரை, சாவு

காலையில் குமாசியிலிருந்து 20 கிலோமீட்டர் சுற்றளவில் இரண்டு ஊர். போன்வைரில் கென்டே நெசவு. சிலந்தி வலையைப் பார்த்து இரண்டு பேர் கற்றுக்கொண்டார்கள் என்பது கதை, அனான்சே இங்கும் வந்துவிட்டான் பாருங்கள். தறியில் வருவது நாலு விரற்கடைப் பட்டை, சுமார் 10 செ.மீ. அகலம்தான். அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால் போர்வை. காஞ்சிபுரம், ஆரணி பக்கம் பிறந்தவர்கள் குழித்தறியைப் பார்த்த கண்ணோடு போய், கால் விரலிடுக்கில் கயிறு மாட்டி இழுக்கும் இந்தத் தறியைப் பார்த்தால் எழுந்து வர மாட்டார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கைத்திறனைத் தன் பட்டியலில் சேர்த்தது. அச்சடித்த போலிக் கென்டே நகரச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். துணியைத் திருப்பிப் பாருங்கள், நெய்தது இரண்டு பக்கமும் பேசும், அச்சு ஒரு பக்கம்தான்.

இன்டோன்சோவில் அடிங்க்ரா முத்திரை. மரப்பட்டையை ஊறவைத்து, இடித்து, கொதிக்கவிட்டுத் தார் போல் இறக்கிய மையில், சுரைக்குடுக்கைத் துண்டில் செதுக்கிய முத்திரையைத் தோய்த்துத் துணியில் பதிக்கலாம். திரும்பிப் பார்க்கும் பறவை சங்கோஃபா: மறந்ததை எடுத்துவரப் பின்னால் போவதில் தப்பில்லை. பல்லும் நாக்கும் என்றொரு முத்திரை உண்டு, உரசிக்கொண்டாலும் ஒரே வாயில் இருக்க வேண்டியவை. மாமியார் மருமகளுக்கு வாங்கிப் போகலாம்.

சனி மதியம் குமாசித் தெருக்களில் கறுப்பும் சிவப்பும் உடுத்தியவர்கள் சாரிசாரியாகப் போவார்கள். அது சாவு வீட்டுக்கு. அங்கே இறுதிச் சடங்கு வாரக்கணக்கில் திட்டமிட்டு, சுவரொட்டி ஒட்டி, பந்தல் போட்டு, பெரும்பாலும் சனிக்கிழமை நடத்துவது. தெரியாதவர் போகலாமா? விடுதிக்காரரோ வழிகாட்டியோ உடன் வந்தால் தாராளமாகப் போகலாம், வந்ததைக் கௌரவமாக எடுத்துக்கொள்வார்கள். அடர்நிறத்தில், முழங்காலை மறைக்கும் உடை போதும். வலப்பக்கத்திலிருந்து கைகொடுத்துக்கொண்டு வாருங்கள். மேசை போட்டு நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் ஒரு தொகை கொடுங்கள். பெயர் எழுதி ரசீது தருவார், ஒலிபெருக்கியில் அறிவிப்பும் வரும். மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு அந்த மேசையைப் பார்த்ததும் மொய் நோட்டு ஞாபகம் வராமல் போகாது. கேட்டுப் பார்த்தேன், தங்கள் வீட்டில் ஒன்று நிகழும்போது அந்தக் கணக்கு திரும்ப வரும் என்றார்கள். வயது முதிர்ந்து நிறைவாகப் போனவருக்கு வெள்ளை உடுத்துவதும் உண்டு. ஆட்டம் இருக்கும், சேர்ந்து ஆடச் சொன்னால் மறுக்காதீர்கள்.

ஞாயிறு: அக்வாசிடே

மான்ஹியா அரண்மனை. முற்பகலிலேயே இடம் பிடித்துவிடுங்கள். பெருங்குடைகள் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே வர, கொம்பும் ஃபோன்டோம்ஃப்ரோம் பெருமுரசும் முழங்க, தங்கப்பிடி வாள் ஏந்தியவர்கள் சூழ மன்னர் வந்து அமர்வார். 1999 முதல் அரியணையில் இருப்பவர் இரண்டாம் ஒசேய் டூட்டு. தலைவர்கள் வரிசையாக வந்து வணங்குவார்கள். சேவிக்கும்போது செருப்பிலிருந்து காலை எடுத்துவிடுவதையும், தோளிலிருந்து துணியை இறக்கிக்கொள்வதையும் கவனியுங்கள். மாரியம்மன் தேர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளும் கைகள் நம் ஊரிலும் உண்டு.

நீங்கள் கால்மேல் கால் போடக் கூடாது, கையைப் பைக்குள் விடக் கூடாது, தொப்பி கூடாது. குழுவாக மன்னரையோ ஊர்த்தலைவரையோ சந்திக்க ஏற்பாடாகியிருந்தால் ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் மது காணிக்கையாகக் கொண்டுபோவது வழக்கம். குடிக்க இல்லை, முன்னோருக்கு நிலத்தில் வார்க்க. தலைவரிடம் நேரடியாகப் பேச முடியாது. செதுக்கிய கோல் ஏந்திய ஒச்சாமே என்பவரிடம் சொல்ல வேண்டும், அவர் சொல்லை அழகுபடுத்தித் தலைவரிடம் சேர்ப்பார். தலைவர் உங்கள் முன்னாலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

தங்க ஆசனத்தைப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். அசாந்தி மக்களின் ஆன்மா அதில் இருப்பதாக நம்பிக்கை, மன்னர்கூட அதில் உட்கார்வதில்லை. 1900இல் ஆங்கிலேய ஆளுநர் ஒருவர் அதைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்க, எஜிசுவின் அரசித்தாய் யா அசான்டேவா போரைத் தொடங்கினார். யா என்றால் வியாழக்கிழமைக்காரி என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஆசனத்துக்கும் கிழமைப் பெயர் உண்டு: சிகா ஜுவா கோஃபி. வானத்திலிருந்து அது இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை.

சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

சாப் பார் என்று பலகை தொங்கும் இடம்தான் ஊர்ச் சாப்பாட்டுக்கடை. ஃபுஃபு கேளுங்கள்: மரவள்ளியும் வாழைக்காயும் வேகவைத்து உரலில் இடித்த உருண்டை, சூப்பில் மிதக்கும். கைகழுவச் சட்டியில் தண்ணீர் வரும். வலது கையால் கிள்ளி, சூப்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். களியை மென்று சாப்பிட்டால் நம் பாட்டிகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு இங்கேயும் கிடைக்கும்.

சைவர்களுக்கு நேர்மையாகச் சொல்கிறேன், கஷ்டம்தான். ‘இறைச்சி இல்லை’ என்று சொல்லித் தரும் குழம்பில் கருவாட்டுத் தூள் இருக்கும், அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஷிட்டோ என்னும் கறுப்புக் காரத் தொக்கில் மீனும் இறாலும் உண்டு. மீன், இறால், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும். பயமில்லாமல் சாப்பிடக்கூடியவை: காலையில் ஹவுசா கோகோ என்னும் இஞ்சி போட்ட கம்பங்கூழ், கூடவே கோசே, அதாவது காராமணி வடை. கூழும் வடையும் என்றால் ஊரில் இருப்பது போலத்தான். மதியம் சுட்ட வாழையும் வேர்க்கடலையும், அதற்கு ‘கோஃபி புரோக்மேன்’ என்று கேலிப்பெயர், காசில்லாத கோஃபியின் சாப்பாடு. இரவில் தெருவோரம் கெலேவெலே, இஞ்சியும் மிளகாயும் புரட்டிப் பொரித்த பழுத்த வாழை. தண்ணீர் 500 மில்லி பாக்கெட்டில் வரும், முனையைக் கடித்து உறிஞ்ச வேண்டும். முத்திரையும் தேதியும் உள்ளதை வாங்குங்கள்.

மீண்டும் திங்கள்

காலையில் மான்ஹியா அருங்காட்சியகம். நாடு கடத்தப்பட்ட மன்னர் முதலாம் பிரெம்பே 1924இல் சேஷல்ஸிலிருந்து திரும்பியபின் அவருக்காகக் கட்டிய வீடு. ஆங்கிலேயர் சூறையாடிப் போன தங்கப் பொருட்களில் சில 2024இல் லண்டன் அருங்காட்சியகங்களிலிருந்து இங்கே வந்தன, மூன்றாண்டுக் கடனாக. சொந்தப் பொருளைக் கடனாக வாங்கியதைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

நேரமிருந்தால் கெஜேட்டியா சந்தை. விலையைப் பாதியாகக் கேட்பது அங்கே சண்டை இல்லை, உரையாடல். வணக்கத்தில் தொடங்கி, சிரிப்பைக் கைவிடாமல் பேசினால் போதும். பணத்தைப் பல பைகளில் பிரித்து வையுங்கள். அப்புறம் அக்ராவுக்குப் பேருந்தில் ஐந்து ஆறு மணி நேரம், விமானத்தில் முக்கால் மணி. அன்றிரவே பன்னாட்டு விமானம் என்றால் பேருந்தை நம்பாதீர்கள்.

தங்கிய வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ‘பை’ சொல்லிவிட்டு நடக்கக் கூடாது. உட்கார்ந்து வழி கேட்க வேண்டும். ‘மெஸ்ரே குவான்’, வழி கொடுங்கள் என்று பொருள். வீட்டுப் பெரியவர் பாதி வழிதான் கொடுப்பார், மீதிப் பாதி நீங்கள் திரும்பி வரும்போது. நம் ‘போயிட்டு வரேன்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொண்டு தலையாட்டுவார்கள். மஞ்சள் காய்ச்சல் அட்டையை மட்டும் பெட்டியில் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சென்னையில் இறங்கியதும் முதலில் கேட்பது அதைத்தான்.